சுடுதண்ணீரில் கிடந்த சீப்பு

அன்புள்ள அக்கா,

இந்தத் திங்கட்கிழமை தோட்டங்களுக்கு வரும் மருத்துவிச்சி, மிட்வைப் மிஸ், எங்கள் பாடசாலைக்கு வந்திருந்தார். சின்ன வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பதாக எங்கள் சுகாதார டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். மூன்றாம் தர வகுப்பின் ஜன்னலோரம் பிள்ளைகள் உட்கார ஒரு வாங்கைப் போட்டு, உதவிக்கு மேல்வகுப்பிலிருந்து என்னை நிறுத்தினார்கள். மிஸ் பிள்ளைகளின் தலையைத் தொடுவதற்கு முன்பே கேத்தலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு பேசினில் ஊற்றி, பல் நெருங்கிய சீப்பு ஒன்றை அதில் போட்டார். பிளாஸ்டிக் சூட்டில் வாடும் மணம் எழுந்தது.

அந்த மணம் எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளைக்காம்பராவில் தினமும் இருந்த மணம் அது. பால்மா, ஈரத்துணி, பவுடர் எல்லாவற்றுக்கும் நடுவில் அதுவும் இருந்தது. தாய்மார் தேயிலை மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற அந்த அறைக்கு அதுதான் இயல்பான வாடை என்று நினைத்திருந்தேன். எதிலிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மிஸ் சீப்பை எடுத்து உதறிக்கொண்டே சொன்னார்: "சீப்பு ஒண்ணா பத்தாங்கிறது கணக்கில்ல. ஒவ்வொரு தலைக்கும் நல்ல சுடுதண்ணியில ஊறப்போட்டு எடுத்தா ஒண்ணே போதும். முன்ன உங்க தோட்டத்துக் காம்பராவுல ஒரு பிள்ள இருந்திச்சே, அதுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். சொன்னத அப்படியே செய்யும். அது இப்ப எங்க?"

அவருக்குப் பல தோட்டங்கள். உங்களுக்கு நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வகுப்பில் இருந்த பெரியவர்களில் உங்களை அறிந்தவள் நான் ஒருத்திதான். "இறந்துட்டாங்க, மிஸ்," என்றேன். "அடப் பாவமே" என்றுவிட்டு, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். நான் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் விளிம்பு சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

அக்கா, உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நான் எட்டாம் தரத்தில் இருந்தபோது பாடசாலை விட்டதும் நேராகக் காம்பராவுக்குத்தான் வருவேன். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வர ஐந்து மணியாகும். தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையில் தனியாக இருப்பதைவிட அங்கே பிள்ளைகளுக்குக் கதை வாசிப்பது எனக்குப் பிடிக்கும். என்னைக் கண்டதும் உங்கள் வாய் சும்மா இருக்காது.

"வாங்க டீச்சரம்மா, வாங்க. இன்னைக்கு ராசா கதையா, நரிக் கதையா?"

"நரி, அக்கா."

"அப்பாடா. நேத்து ராசா கத சொல்லிட்டுப் போயிட்ட. இந்த வாண்டுங்க எம் முந்தானையப் புடிச்சு இழுத்து, ராணி நீதான், பல்லக்குல ஏறுங்குதுங்க. பல்லக்கு எங்கன்னா, பால் பெட்டியக் காட்டுதுங்க."

பதினான்கு பிள்ளைகள். என்னிடம் இருந்தது படம் போட்ட ஒரே கதைப்புத்தகம். படம் பார்க்கவேண்டும் என்பதற்காக ஐந்தாறு பிள்ளைகள் என் தலையோடு தலையை ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். ஒரு குட்டிப்பெண் என் மடியில் ஏறி, உச்சந்தலையை என் கன்னத்தில் அழுத்திக்கொண்டுதான் கதை கேட்பாள். நீங்கள் மூலையில் துணி மடித்துக்கொண்டு, நரி மாட்டிக்கொள்ளும் இடம் வந்தால் எங்களுக்கு முன்பே சிரிப்பீர்கள். சிரித்து முடிந்ததும் மூச்சு வாங்கும். சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு இளைப்பு இருந்தது. எட்டு வருஷம் மலையில் கொழுந்து பறித்து, மழைக்காலமெல்லாம் மூச்சுக்குப் போராடி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் பல தடவை கேட்டபிறகுதான் காம்பரா வேலை உங்களுக்குக் கிடைத்தது. "கூரைக்குக் கீழ வேல, டீச்சரம்மா. எனக்கு இதுதான் சொர்க்கம்," என்று நீங்களே சொன்னீர்கள்.

அந்த வருஷ நடுவில் காம்பராப் பிள்ளைகளுக்குப் பேன் வந்தது. முதலில் இரண்டு பேர், பிறகு ஏழெட்டுப் பேர். நீங்கள் ஒவ்வொருவராக முன்னால் உட்காரவைத்து, எண்ணெய் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து வாருவீர்கள். உங்கள் பக்கத்தில் ஒரு தகரப்பேணி இருக்கும். அதில் கலங்கிய தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம், இரண்டொரு செத்த பேன், நடுவில் நீலச் சீப்பு. நான் கதவருகில் நின்று அதைப் பார்ப்பேன். கிட்டே போகமாட்டேன். அருவருப்பாக இருந்தது.

ஒரு நாள் என்னையும் கூப்பிட்டீர்கள்.

"நீயும் வா. ஒரு இழுப்பு இழுத்து விடுறேன்."

"எனக்கெல்லாம் பேன் கிடையாதுக்கா. நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைக்கு ஊத்துறேன்."

"அடேயப்பா! பேன் உங்கிட்ட நாள் கேட்டுட்டா வரும்?"

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பேன் அழுக்கில் பிறப்பது என்றுதான் நான் உறுதியாக நம்பியிருந்தேன். தலை அரிக்கவும் இல்லை. அரிக்காத தலையில் பேன் எப்படி இருக்கும்? "இல்லன்னா இல்லக்கா," என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். நீங்கள் சீப்பைத் திரும்பப் பேணிக்குள் போட்டுவிட்டு, "சரி தாயே, கோவிச்சுக்காத," என்றீர்கள்.

அடுத்த மாதம் பாடசாலையில் சுகாதார தினம் வந்தது. எங்கள் சுற்றாடலும் சுகாதாரமும் என்று கட்டுரை எழுதச் சொன்னார் சுகாதார டீச்சர். மற்றவர்கள் வடிகால், குப்பை, நுளம்புக்கடி என்று எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். யாரும் எழுதாததை எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கு. பேனைப் பற்றி எழுதினேன். அந்த வரிகளை இன்றும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லமுடியும்:

"எமது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீப்புத்தான். அந்தச் சீப்பும் அழுக்குத் தண்ணீர் நிறைந்த பேணியில் கிடக்கிறது. பராமரிப்பவர்களின் கவனமின்மையால் பேன் ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் பரவுகிறது."

டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இது நீயே பார்த்தனியோ, பிள்ளை?"

"ஆமாங்க டீச்சர். தினமும் பாக்குறேன்."

"கண்ணால கண்டதை எழுதியிருக்கிறாய். இதைத்தான் நான் எல்லாரிட்டையும் கேக்கிறனான். மேடையில நீயே வாசி."

உங்கள் பெயரை நான் எழுதவில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தோட்டத்தில் காம்பரா ஒன்றுதான். அதில் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

அன்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரை பிரதம விருந்தினர். பக்கத்தில் தோட்டத்து நலன்புரி ஐயா உட்கார்ந்து, நடப்பதையெல்லாம் அவருக்குச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் வந்திருந்தீர்கள். காம்பராப் பிள்ளைகள் ஒரு பாட்டுக்கு ஆடவேண்டியிருந்ததால் எல்லோருக்கும் பவுடர் போட்டு, பொட்டு வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் அந்தக் குட்டிப்பெண்ணை இடுப்பில் வைத்தபடி நின்றீர்கள். நான் மேடையேறியதும் என்னைக் காட்டி அவள் காதில் ஏதோ சொன்னீர்கள். அவள் கை தட்டினாள்.

ஒரே சீப்பு என்ற இடம் வந்தபோது நான் நிமிர்ந்தேன். முக்கியமான இடத்தில் சபையைப் பார்க்கவேண்டும் என்று டீச்சர் சொல்லித்தந்திருந்தார். நீங்கள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினீர்கள். அவ்வளவுதான். சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. நலன்புரி ஐயா துரையின் காதில் குனிந்தார். துரை தலையைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தார். எனக்குக் கைதட்டல் நிறையக் கிடைத்தது.

மூன்றாம் நாள் அம்மா வேலையிலிருந்து வந்து கூடையை இறக்குவதற்கு முன்பே சொன்னார்: "காம்பராப் புள்ளைய இன்னைக்கு மலைக்குப் போட்டுட்டாங்க. காலையில பெரட்டுல பேர் கூப்புட்டாங்க. அது அப்புடியே நின்னுச்சு." வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தப் பெரட்டுக்களத்தில், அவ்வளவு பெண்களுக்கும் முன்னால். அம்மா கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் பயமுமாக என்னைப் பார்த்தார். "நீ படிச்சியே, அதுனாலதான்."

நான் அன்று செய்தது சரி என்றே நம்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

வெயில் கொஞ்சம் வந்திருந்தது. அம்மா வாசல்படியில் உட்கார்ந்து எனக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் வந்ததும் கை நின்றது.

"ஏய், ஆடாம இரு. என்னாடி இது?"

"பொடுகும்மா."

"பொடுகுன்னா தட்டுனா விழும். இது முடியோட ஒட்டிக்கிட்டுல்ல கெடக்கு. இழுத்தாலும் வரமாட்டேங்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஈருடி. பிடரியெல்லாம் ஈரு."

எள்ளளவு பேன் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது ஊர்ந்தது. நான் அழவில்லை. எழுந்து உள்ளே போய், பாடசாலை நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த உடல்நலப் புத்தகத்தை எடுத்தேன். கட்டுரைக்காக எடுத்த புத்தகம்தான். தேவையான இரண்டு பந்தியை மட்டும் வாசித்துவிட்டு மற்றதை விட்டிருந்தேன். இப்போது விட்டதை வாசித்தேன். பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் தெரியாது, தலையோடு தலை படும்போது முடியைப் பிடித்து நடந்து போகிறது. சுத்தமான தலை, அழுக்கான தலை என்ற பேதம் அதற்கு இல்லை. முதல்முறை பேன் வந்தவர்களுக்கு ஒரு மாதம், அதற்கு மேலும்கூட அரிப்பே தெரியாமல் இருக்கலாம். தாய்ப்பேன் முட்டையைத் தோலை ஒட்டி முடியில் ஒட்டவைக்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளர்கிறது. ஆகவே தோலிலிருந்து தள்ளியிருக்கும் ஈர் பழையது.

அங்குலம் குறித்த என் அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். "எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளந்து சொல்லும்மா."

"உனக்கென்ன பைத்தியமா?"

"அளந்து சொல்லும்மா."

ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தது. வெறும் கூடுகள். இரண்டு மாதத்துக்கு முந்தியவை. அந்தக் கணக்கைப் போடும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் நான் மாவட்டப் பேச்சுப் போட்டிக்காக நுவரெலியாவில் மூன்று நாள் தங்கியிருந்தேன். ஒரு மண்டபத்தில் பாயை வரிசையாக விரித்து முப்பது பிள்ளைகள் படுத்தோம். குளிருக்கு ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையும் நானும் ஒரே தலையணையில் தலைவைத்து ஓயாமல் கதைத்தோம். சான்றிதழோடு வந்தேன் என்று நினைத்தேன். பேனோடும் வந்திருக்கிறேன். நான் வந்து மூன்று நாலு வாரத்தில்தான் காம்பராவில் முதல் பிள்ளைக்குப் பேன் கண்டீர்கள். அது என் மடியில் உட்காரும் குட்டிப்பெண்.

உங்கள் சீப்பு அதைப் பரப்பவில்லை. நான் வாசித்த கதைகள்தான் பரப்பின.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வாயத் தொறக்காத. மேடையேறி ஊரான் புள்ளைங்களுக்குப் பேனுன்னு படிச்சிட்டு, உந்தலையில வச்சிருந்தேன்னு தெரிஞ்சா தோட்டமே சிரிக்கும். அடுத்த மாசம் உனக்குச் சின்னம் குத்தப்போறாங்க." சுகாதார மாணவத் தலைவி என்ற அந்தச் சின்னத்துக்காக நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். அம்மா மண்ணெண்ணெயைத் தலையில் தேய்த்து, துணியால் கட்டி, அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லி என்னை மூலையில் உட்காரவைத்தார். அது எவ்வளவு ஆபத்தான காரியம் என்று இந்தத் திங்கட்கிழமைதான் மிட்வைப் மிஸ் சொன்னார். அன்று கண் எரிந்தது, தோல் எரிந்தது. யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நீங்கள் சும்மா இருக்கவில்லை. தொழிற்சங்கத் தலைவரிடம் போனீர்கள். தலைவர் துரையிடம் பேசி, நலன்புரி ஐயா விசாரிப்பது என்று முடிவானது. அந்த வியாழக்கிழமை பின்னேரம் காம்பரா வாசலில் ஒரு மேசையைப் போட்டார்கள். என்னையும் வரச்சொன்னார்கள். அப்பா கூட வந்தார். நீங்கள் மலையிலிருந்து நேரே வந்திருந்தீர்கள். ஈரம் படாமல் கட்டும் படங்குச் சாக்கு இன்னும் இடுப்பில் இருந்தது, கால் ஈரம். பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது.

"ஐயா, காலையில அடுப்புல ரெண்டு கேத்தல் வைப்பேன். ஒண்ணு பாலுக்கு, ஒண்ணு சீப்புக்கு. ஒரு புள்ளைக்கு வாரினா சுடுதண்ணியில போட்டு வச்சு எடுத்துத்தான் அடுத்த புள்ள. சூடு ஆறுனா திருப்பி ஊத்துவேன்." பிறகு நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாக இல்லை. ஆள் கிடைத்துவிட்டது என்ற ஆறுதலோடு பார்த்தீர்கள். "இந்தப் புள்ளையக் கேளுங்க ஐயா. தினம் வருது. எல்லாத்தையும் உத்து உத்துப் பாக்குற புள்ள. அது சொல்லும்."

என் மேல் குற்றம் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தீர்கள்.

நலன்புரி ஐயா எழுதுவதற்குப் பேனையைத் திறந்தார். "என்னம்மா, சுடுதண்ணி ஊத்துறத பாத்தியா?"

அக்கா, அந்த நேரத்தில் எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது. பேணியில் இருந்தது சுடுதண்ணீர் என்று நீங்கள் சொன்ன கணத்திலேயே எனக்கு விளங்கியது, ஏன் அந்தப் பேன்கள் செத்து மிதந்தன என்று. ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்திருந்தால் சுட்டிருக்கும். பேனை யார் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த திங்களே நீங்கள் கூரைக்குக் கீழ் வந்திருப்பீர்கள். நான் சொன்னது இதுதான்:

"நான் பின்னேரந்தாங்க வருவேன். தண்ணி ஊத்துறத நான் பாக்கலைங்க."

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதனால்தான் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது. ஐயா எழுதிக்கொண்டார். தலைவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

நீங்கள் என்னை நோக்கி ஓரடி வந்தீர்கள். அம்மா இரண்டு தரம் ஷாம்பூ போட்டும் என் தலையில் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. நீங்கள் ஆழமாக ஒரு மூச்சை இழுத்தீர்கள். அது இளைப்பினால் இழுத்த மூச்சா, அந்த மணம் பிடித்து இழுத்த மூச்சா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் இறுக்கிப் பின்னிய சடையை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு ஐயாவின் பக்கம் திரும்பி, "புள்ளைய விடுங்க ஐயா. அது பாக்கலைன்னா பாக்கலதான்," என்றீர்கள்.

எனக்குச் சின்னம் கிடைத்தது. உங்களுக்கு மலை நிலைத்துவிட்டது.

காம்பராவுக்கு வேறு ஒருவர் வந்தார். தோட்டம் மூன்று புதுச் சீப்பு வாங்கிக்கொடுத்தது. பேன் போகவில்லை. மூன்று சீப்பையும் யாரும் சுடுதண்ணீரில் போடவில்லை, வகிடு பிரித்துப் பார்க்கவும் ஆளில்லை. கடைசியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மொட்டையடித்தார்கள், அந்தக் குட்டிப்பெண்ணுக்கும். நான் அந்தப் பக்கமே போகவில்லை. உங்களைத் தூரத்தில் கண்டால் மேல்பாதையால் சுற்றிப்போவேன். ஒரு தடவை கோயில் வளைவில் தப்பமுடியாமல் எதிரே வந்துவிட்டீர்கள். தலையில் கூடைக் கயிறு, முதுகில் நிறைந்த கொழுந்து. "டீச்சரம்மா, நல்லாப் படிக்கிறீங்களா?" என்றீர்கள். அதில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "படிக்கிறேன்கா," என்று தரையைப் பார்த்துச் சொன்னேன். சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பாதையில் நாம் இருவர்தான். நீங்கள் போய், வளைவில் உங்கள் கூடை மறையும் வரை வாய்க்குள் அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நின்றேன்.

போன வருஷம் ஆடி மழையில் உங்களுக்கு இளைப்பு கூடி, கொழுந்து லொறியில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி உயிரோடு கொண்டுவரவில்லை. மலைக்குப் போனதால்தான் இறந்தீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. காம்பராவில் இருந்திருந்தாலும் அப்படியே நடந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன், மருந்து போல. சாவு வீட்டில் கடைசி ஆளாக நின்றேன். பெண்கள் உங்கள் முடியை வாரிவிட்டதை எட்டிப் பார்க்கவும் என்னால் முடியவில்லை.

இந்தத் திங்கட்கிழமை மிஸ் போனபிறகு நான் கொழுந்து மடுவத்துக்குப் போனேன். உங்கள் தங்கை கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றிருந்தார். தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்: நுவரெலியா, என் தலை, அடிமட்டம், விசாரணையில் நான் சொன்ன பதில். அவர் கூடையை இறக்காமலே கேட்டார்.

"இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

கூடையை இறக்க நான் கை நீட்டினேன். அவர் விலகிக்கொண்டார்.

"மனசு லேசாகணும்னா?" அவர் கண்ணில் தண்ணீர் இல்லை. "அன்னைக்கு எத்தன பேருக்கு முன்னால படிச்ச?"

"பாடசாலை முழுக்க, அக்கா. துரை, பெத்தவங்க எல்லாரும்."

"அப்ப அம்புட்டுப் பேருக்கு முன்னால போய்ச் சொல்லு. எனக்கு மட்டும் ரகசியமா வேணாம்."

மறுநாள் டீச்சரிடம் போனேன். கேட்டு முடிந்ததும் சோக்குத்துண்டைக் கீழே வைத்தார். "ஊத்தையால பேன் வாறதில்லை எண்டு நானாவது அண்டைக்குச் சொல்லியிருக்கவேணும். அந்தப் பிள்ளையிட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேணும். நானும் கேக்கேல்லை," என்றார். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் வாங்கித் தந்தார். நலன்புரி ஐயாவுக்கும் பெற்றோருக்கும் சொல்லியனுப்பினார். அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை காலை வெளுத்த சேலை உடுத்திக்கொண்டு எனக்கு முன்பே போய் நின்றார்.

நேற்று வாசித்தேன், அக்கா. இந்தத் தடவை சபையைப் பார்க்க முடியவில்லை. உங்கள் பெயரை எழுதினேன், முழுப்பெயரை. காம்பராவுக்குப் பேனைக் கொண்டுபோனது என் தலை என்று வாசித்தபோது முதலில் ஒரு சிரிப்பு, பிறகு பல சிரிப்பு. நீங்கள் ஒவ்வொரு தலைக்கும் செய்ததை வரிசையாகச் சொன்னேன்: எண்ணெய் தடவி, வகிடு பிரித்து, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வெளிச்சத்தில் பார்த்து, வேரிலிருந்து நுனிவரை வாரி, சீப்பைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டது. மூன்று நாலு நாளுக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம், வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அதைச் செய்யவேண்டும் என்று சொன்னேன். பேனுக்காக எந்தப் பிள்ளையையும் வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள் என்றும் சொன்னேன். விசாரணையில் நான் சொன்ன வாக்கியத்தைச் சொல்லி, அதற்குப் பிறகு சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நலன்புரி ஐயா வெளியே என்னைக் கூப்பிட்டு, "பழைய விசயம். அந்தப் பிள்ளயும் போயிட்டுது. இனி என்ன செய்ய?" என்றார். அந்த விசாரணைக் கடதாசியோடு இதையும் சேர்த்துவைக்க முடியுமா என்று கேட்டேன். "சரி, தா," என்றார். நான் படித்த தாளை அங்கேயே கொடுத்துவிட்டேன்.

உங்கள் தங்கை வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறார். பெரட்டு முடிந்து மலைக்குப் போகும் வழியில் கூடையோடு நின்றார் என்று அம்மா சொன்னார். நான் வாசலுக்கு ஓடியபோது அவர் தேயிலைக்குள் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. அவர் என்னிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

மனம் லேசாகவில்லை. லேசாகும் என்று நினைத்துத்தான் முதலில் மடுவத்துக்குப் போனேன் என்பதையும் உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன். சின்ன வகுப்புகளுக்கு இன்னும் கதை வாசிக்கிறேன். ஆனால் நின்றுகொண்டு, புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, எல்லோரும் எட்ட உட்கார்ந்து பார்க்கும்படி. பொய்யில்லாத வாக்கியம் ஒன்றை எழுதும்போதெல்லாம் அதற்குள் எதை ஒளித்திருக்கிறேன் என்று இன்னொரு தடவை பார்க்கிறேன்.

பாடசாலையில் எனக்குப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். நேற்று இடைவேளைக்குள்ளேயே பரவிவிட்டது. இன்று காலை தண்ணீர் பிடிக்கும் பீலியில் லயத்துப் பிள்ளைகளும் சொன்னார்கள். "பேனக்கா! பேனக்கா!" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள். டீச்சர் கேள்விப்பட்டு அதட்டப் போனார். நான்தான் வேண்டாம் என்றேன்.

யாராவது அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன், அக்கா.